பனியில் அறுந்த முழங்கால் நார்: உடனே சத்திரசிகிச்சையா, முதலில் பயிற்சியா?

கடந்த பெப்ரவரியில் ஒரு காலை. நானுஓயாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் புல்வெளி வெள்ளையாகப் பூத்திருந்தது. மலையகத்தில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான். வெயில் ஏறியதும் உருகிவிடும்; கொழுந்து மட்டும் கருகி நிற்கும். அந்தப் புல்வெளியைத் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறி வந்தான் ஒரு தம்பி. வயது இருபத்து நான்கு. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, இரண்டு லயம் தள்ளி வளர்ந்தவன். நான் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன் என்பதால் ஊரில் யாருக்கு மூட்டு வலித்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அவனுடைய முழங்காலை அறுத்தது வேறொரு பனி. வளைகுடா நாடு ஒன்றில், பாலைவனத்தின் நடுவே, கூரைக்குள் குளிரூட்டிச் செய்த பனிச்சரிவில் சறுக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் வேலை அவனுக்கு. வேலை முடிந்த பிறகு தானே ஒரு சோடிப் பலகையை மாட்டிக்கொண்டு பழகியிருக்கிறான். ஓராண்டில் நேராக இறங்கக் கற்றான். பிறகு சிறு மேட்டிலிருந்து தாவக் கற்றான். கடைசியாக, காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறங்கப் பார்த்தான். நண்பன் எடுத்த காணொளியைக் கைபேசியில் காட்டினான். சுற்று முடியுமுன்பே தரை வந்துவிடுகிறது. உடல் பின்னால் சாய்ந்திருக்க, வலது பலகையின் வால் முதலில் பனியில் குத்துகிறது. அவன் கீழே விழவில்லை, விழாமல் நிற்கப் போராடுகிறான். அந்தப் போராட்டத்தில்தான் முழங்கால் உள்ளே மடிகிறது.

“அக்கா, உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வலி போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது” என்றான்.

பலகைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். நல்ல முழங்காலில் அந்த இழுப்பு சட்டென்று ஓரிடத்தில் நிற்கும். கட்டிய கயிறு இறுகுவதுபோல ஒரு முடிவு கைக்குத் தெரியும். இடது காலில் அது இருந்தது. வலது காலில் எலும்பு வழுக்கிக்கொண்டே வந்தது. கெண்டைக்கால் எலும்பு முன்னால் வழுக்காமல் மூட்டுக்குள் பிடித்துவைக்கும் முன்சிலுவை நார் அறுந்திருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. படம் பிறகு உறுதிப்படுத்தியது. நல்லவேளையாக, எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் சவ்வுத் தட்டில் பெரிய கிழிசல் இல்லை.

அன்று மாலையே அவன் வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. நகையை அடகு வைத்தாவது கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இந்த வாரமே சத்திரசிகிச்சை செய்துவிட வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். அப்பாயிக்கு நாட்டு வைத்தியரின் எண்ணெய்க் கட்டில்தான் நம்பிக்கை. தம்பிக்கோ எந்த வழியில் போனால் சீக்கிரம் மறுபடி தாவலாம் என்பது ஒன்றே கேள்வி. வொலிபோல் ஆடி, மழையில் படியில் வழுக்கி, மோட்டார் சைக்கிளில் விழுந்து இதே நாரை அறுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் வீடுகளிலும் இதே வாக்குவாதம் நடக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய்க் கட்டு. அப்பாயியின் அன்பை நான் மதிக்கிறேன். தசைப்பிடிப்புக்கு, சாதாரணச் சுளுக்குக்கு இதமான சூடும் எண்ணெயும் ஆறுதல் தரும். ஆனால் இந்த நார் மூட்டின் நடுவில், இரண்டு எலும்புகளுக்கு இடையே இருக்கிறது. வெளியே போடும் எந்தக் கட்டும் அதன் இரு முனைகளையும் சேர்க்காது. இறுக்கிக் கட்டி மூன்று வாரம் அசையாமல் வைத்துவிட்டால் தொடைத் தசை கரைந்து, மூட்டும் விறைத்துவிடும். அப்படி விறைத்த காலோடு வந்தவர்களை நீட்ட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீங்கிய முழங்காலை அழுத்தித் தடவுவதும் வேண்டாம்.

அப்பாவின் அவசரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ‘அறுந்தது என்றால் தைக்க வேண்டும், சீக்கிரம் தைத்தால் சீக்கிரம் ஆறும்’ என்பது இயல்பான எண்ணம். ஆனால் பெரும்பாலும் இந்த நாரைத் தைப்பதில்லை. உடலின் வேறொரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிய நாராக நட்டு வைக்கிறார்கள். வீக்கத்தோடு, முழுவதும் நீட்ட முடியாத முழங்காலில் அவசரப்பட்டு இதைச் செய்தால் உள்ளே வடு இறுகி, மூட்டு நிரந்தரமாக விறைத்துவிடும் ஆபத்து கூடுகிறது. ஆகவே வீக்கம் வடிந்து, கால் மற்றக் காலைப் போலவே நேராக நீண்டு, தொடைத் தசை மறுபடி விழித்துக்கொள்ளும்வரை அறுவை வைத்தியர்களும் காத்திருக்கவே சொல்கிறார்கள். அப்படியென்றால் முதல் சில வாரங்களுக்கு இரண்டு வழியும் ஒரே வழிதான். யோசிக்க நேரம் இருக்கிறது. நகைக்கடைக்கு இன்றே ஓட வேண்டியதில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. முழங்கால் பூட்டிக்கொண்டு நீளவே மறுத்தால், கிழிந்த சவ்வுத் தட்டு இடையில் மடிந்து சிக்கியிருக்கலாம். அப்போது தாமதம் கூடாது. சீக்கிரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாதம் மரத்தாலோ, நிறம் மாறிக் குளிர்ந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

சரி, வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஸ்வீடனில் இந்தக் கேள்வியை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 18 முதல் 35 வயதுக்குட்பட்ட, நன்றாக ஓடியாடும் 121 பேர்; எல்லோருக்கும் புதிதாக அறுந்த முன்சிலுவை நார். சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, 62 பேருக்குச் சீக்கிரமே சத்திரசிகிச்சையும் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்ற 59 பேருக்கு முதலில் பயிற்சி. முழங்கால் நிலைக்காவிட்டால் பிறகு சத்திரசிகிச்சை. 2010இல் வெளிவந்த இரண்டாண்டு முடிவில், வலியிலும் அன்றாட வாழ்க்கையிலும் விளையாட்டிலும் இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சிப் பிரிவின் 59 பேரில் 23 பேர் இரண்டாண்டுக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். ஐந்தாண்டில் அது 30 பேர் ஆயிற்று. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்தாண்டுவரை கத்தியே தேவைப்படவில்லை. மீதிப் பேர் பிறகு போனதால் முடிவில் பின்தங்கவும் இல்லை. மூட்டுத் தேய்மானத்திலும் ஐந்தாண்டுப் படங்கள் இரு பிரிவுக்கும் வேறுபாடு காட்டவில்லை. ‘அறுவை செய்யாவிட்டால் நாற்பது வயதில் மூட்டுத் தேய்ந்துவிடும்’ என்று பயமுறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் நான் பயிற்சியின் பக்கம் சாய்ந்து பாதிக் கதையோடு நிறுத்தினால் அது நேர்மையாகாது. பிரித்தானியாவில் 316 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு வேறொரு கூட்டத்தைப் பார்த்தது: அடிபட்டு மாதங்கள் கடந்தும் முழங்கால் இன்னும் நழுவிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களில் சத்திரசிகிச்சைப் பிரிவினர் பயிற்சிப் பிரிவினரைவிடத் தெளிவாகவே நன்றாக இருந்தார்கள். இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. புதிய காயத்துக்குப் பயிற்சியோடு தொடங்குவதில் இழப்பில்லை. பயிற்சிக்குப் பிறகும் நழுவுகிற முழங்காலைப் பயிற்சியிலேயே இழுத்தடிப்பதில் இழப்பு உண்டு. ஒவ்வொரு நழுவலும் சவ்வுத் தட்டை அரைக்கிறது. நார் போனாலும் வாழலாம். சவ்வுத் தட்டும் போனால் அந்த மூட்டு முதுமையில் பழிவாங்கும்.

அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது இன்னொன்று. ஸ்வீடன் ஆய்வின் இரண்டு பிரிவுகளும் பயிற்சி செய்தன. சத்திரசிகிச்சை என்பது பயிற்சிக்குப் பதிலாக வருவது அல்ல, பயிற்சியோடு கூட வருவது. ‘பணம் கட்டினால் வைத்தியர் சரிசெய்து தருவார், பிறகு பையன் எழுந்து போவான்’ என்ற நினைப்போடு மேசையில் படுத்தவர்கள் ஆறாம் மாதத்தில் மெலிந்த தொடையோடும் முழுவதும் மடங்காத காலோடும் என்னிடம் வரும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். நட்ட நாருக்கு உயிர் ஊறிப் பலம் பிடிக்கவே மாதக்கணக்கு ஆகும். அதைச் சுற்றியுள்ள தசையை அந்தப் பிள்ளைதான் வளர்க்க வேண்டும்.

தோட்டத்தில் பயிற்சி எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். நகரத்துப் பயிற்சிக்கூடத்தின் இயந்திரங்கள் இங்கே இல்லை, உண்மைதான். வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வைத்தியசாலைக்கு வருவதென்றால் கூட வருகிறவரின் அன்றைய சம்பளம் போய்விடும், அதுவும் உண்மைதான். ஆனால் லயத்துப் படிகளைவிடச் சிறந்த இயந்திரம் ஒன்றை நான் கண்டதில்லை. தம்பிக்கு முதல் இரண்டு வாரம் கொடுத்தது ஒரு துவாயை மட்டும்தான். அதைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முழங்காலின் பின்பக்கம் கட்டிலைத் தொடும்படி தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது; ஒரு நாளைக்குப் பல தடவை. பிறகு குதிகாலை இழுத்து மடக்குவது. நான்காம் வாரம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். பல் துலக்கும் நேரம் முழுவதும் வலது காலில் நின்றான். ஆறாம் வாரம் படி. ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கால் நடுங்காமல், முழங்கால் உள்ளே சாயாமல், மெதுவாக. அதற்கும் பிறகு முதுகில் கொழுந்துக் கூடை, அதற்குள் கல். அவன் அம்மாவின் கூடைதான். எடையை வாரத்துக்கு ஒரு கிலோவாகக் கூட்டினோம்.

அளவுநாடா என்னிடம் எப்போதும் இருக்கும். முழங்காற்சில்லுக்குப் பத்துச் சென்டிமீற்றர் மேலே தொடையைச் சுற்றி அளந்தால் பொய் சொல்ல முடியாது. முதல் நாள் இடது தொடை 43.5 சென்டிமீற்றர், வலது தொடை 40.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சீக்கிரம் மறுபடி தாவ எது வழி?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன் அவனுடைய விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். தாவியும் சுழன்றும் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் அதிகம் அடிபடும் இடம் முழங்கால்தான். சறுக்குக் காலணி கணுக்காலைச் சிறைபிடித்தாற்போல வைத்திருக்கிறது. ஆகவே கணுக்கால் தப்பிக்க, திருகல் முழுவதும் முழங்காலுக்கு ஏறுகிறது. பின்னால் சாய்ந்து இறங்கும்போது விறைத்த காலணியின் பின்பக்கம் கெண்டைக்காலை முன்னே தள்ளுகிறது. நான் கையால் இழுத்துப் பார்த்த அதே அசைவு, உடலின் முழு எடையோடு. காலணியைப் பலகையோடு பூட்டி, விழும்போது கழற்றிவிடும் பைண்டிங் இருக்கிறதே என்று அவன் நினைத்திருந்தான். அது கெண்டைக்கால் எலும்பும் கணுக்காலும் முறியாமல் காப்பதற்காக உருவானது. முன்சிலுவை நாருக்கு அதை நம்பக் கூடாது.

அவன் கைபேசியின் முகப்பில் ஐலீன் குவின் படம் இருந்தது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், போட்டியில் முன்பு ஒருபோதும் செய்யாத 1620 பாகைச் சுழற்சியை, அதாவது நான்கரைச் சுற்றை, மூன்றாவது தாவலில் செய்து, ஒரே பெரிய மேட்டிலிருந்து தாவும் பிக் ஏர் போட்டியில் தங்கம் வென்றவர். அந்தப் படத்தை நான் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மட்டத்து வீரர்கள் ஒரு சுழற்சியைப் பனிக்குக் கொண்டுவருமுன் டிரம்போலினிலும், பெரிய காற்றுப் பஞ்சணையிலும், சிலர் நீரிலும் எத்தனையோ முறை விழுந்து பழகுகிறார்கள். இந்தப் பிள்ளை மூன்றாவது முயற்சியிலேயே, வேலை முடிந்த களைப்போடு, கெட்டிப்பனியில் இறங்கப் பார்த்தான். அவ்வளவு பழகியவர்களுக்கும் ஆபத்து விலகுவதில்லை என்பதையும் சொன்னேன். கனடாவின் சாரா பர்க், பாதிக் குழாய் வடிவப் பனிச்சரிவில் தாவும் ஹாஃப்பைப் போட்டி பெண்களுக்கும் ஒலிம்பிக்கில் இடம்பெறப் போராடியவர், 2012 ஜனவரியில் பயிற்சியில் விழுந்து ஒன்பதாம் நாள் இறந்தார். அவர் போராடிய போட்டி 2014 சோச்சியில் அரங்கேறியபோது அவர் இல்லை. இதைச் சொல்லும்போது தம்பி தலை குனிந்துகொண்டான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உடைந்த நாரை மாற்றலாம், மற்றவற்றை மாற்ற முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

ஆகவே என் பதில் இதுதான். மறுபடி தாவிச் சுழல வேண்டும் என்று அவன் உறுதியாக இருந்தால், சத்திரசிகிச்சைதான் எடை கூடிய பக்கம். ஸ்வீடன் ஆய்வில் தொழில்முறை வீரர்கள் சேர்க்கப்படவில்லை. காற்றிலிருந்து இறங்கித் திருகும் முழங்காலுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த எனக்குத் துணிவில்லை. ஆனால் ‘சீக்கிரம்’ என்ற சொல்லை அவன் மறந்துவிட வேண்டும். நோர்வேயில் 106 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம்வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைப் பாதியளவுக்குக் குறைத்தது. ஒன்பது மாதத்துக்கு முன் தாவல் என்ற பேச்சே கூடாது. தொடைப் பலம் மற்றக் காலின் 90 விழுக்காட்டையாவது எட்டவும் வேண்டும். என் சொந்த விருப்பம் ஓராண்டு.

தாவுவதை விட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பி, நேராகச் சறுக்கி, ஊருக்கு வந்தால் மலையேறி, வீட்டுக்கு விறகு சுமந்து வாழ்ந்தால் போதும் என்று அவன் நினைத்தால், மூன்று மாதப் பயிற்சியே முதல் தெரிவு. அதன் பிறகும் படி இறங்கும்போது முழங்கால் நழுவினால் அப்போது கத்திக்குப் போகலாம். நான் அவன் அக்காவாக இருந்தால், அவன் என்னை அப்படித்தான் அழைக்கிறான், இந்த வழியைத்தான் தெரிந்தெடுப்பேன்.

சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் அறுவை வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டிய ஒன்று உண்டு: நாண் எங்கிருந்து எடுப்பீர்கள்? முழங்காற்சில்லுக்குக் கீழிருந்து எடுப்பது வலுவானது. இளம் வீரர்களுக்குப் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் மண்டியிட்டால் வலிக்கும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். கோவிலில், தேவாலயத்தில் முழந்தாளிடுகிறவர்கள், லீக்ஸ் பாத்தியில் மண்டியிட்டுக் களை எடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பின்தொடையிலிருந்து எடுத்தால் மண்டியிடுவது எளிது. ஆனால் காலை ஆழமாக மடக்கி இழுக்கும் பலம் கொஞ்சம் குறையும், இளம் விளையாட்டு வீரர்களிடம் மறுபடி அறுவதும் சற்றே அதிகம். குந்தியிருக்கும் கழிப்பறை உள்ள வீட்டில் அந்த ஆழ்ந்த மடக்கு ஒரு நாள்கூடத் தவிர்க்க முடியாதது. பெரிய நகரத்து வைத்தியர் இதைக் கேட்காமல் விடலாம். நீங்கள் சொல்ல வேண்டும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, வரிசை நீளம். தனியாரில் வரிசை குறைவு, பணம் நிறைய. திருகு போன்ற பொருள்களை வெளியே வாங்கித் தர வேண்டிவருமா என்பதை எங்கே போனாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் அடிபட்டவர்கள் விமானம் ஏறுமுன் தங்கள் காப்புறுதி விளையாட்டுக் காயத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தம்பி அதை வாங்காமல் வந்துவிட்டான். இன்னும் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறான்.

நீள வரிசையையே நமக்குச் சாதகமாக்கலாம் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். இன்றே பெயரைப் பதிந்துவையுங்கள். காத்திருக்கும் மாதங்களில் பயிற்சி நடக்கட்டும். முறை வரும்போது முழங்கால் உறுதியாக இருந்தால் இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். நழுவினால் பலம் பெற்ற தொடையோடு மேசைக்குப் போகலாம். அப்படிப் போகிறவர்கள் மெலிந்த தொடையோடு போகிறவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நகைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்தார்.

திரும்பச் சறுக்கப் போகும் நாளுக்காக ஒன்றையும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அமெரிக்காவில், முழங்கால் நார் அறும் தருணத்தை அடையாளம் காணச் சறுக்குப் பயிற்றுநர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் கற்பித்தபோது அவர்களிடையே கடும் முழங்கால் காயங்கள் 62 விழுக்காடு குறைந்தன. அந்த ஆய்வு 1995இல் வெளியானது. சொல்லிக்கொடுத்தது எளிமையானது: கைகளை முன்னே வை, கால்களைச் சேர்த்து வை, சாய்ந்துவிட்டால் எழும்ப முயலாதே, சறுக்கல் நிற்கும்வரை விழுந்தபடியே போ. காணொளியில் அவன் செய்தது இதற்கு நேர் எதிர். விழுவதை அவமானமாக நினைத்துப் பிடிவாதமாக நின்றான்.

ஒன்பதாம் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். இடது 43.5, வலது 41.5. கல் நிறைத்த கூடையோடு நாற்பத்திரண்டு படி இறங்கி ஏறிவிட்டான். முழங்கால் ஒரு தடவையும் நழுவவில்லை. “அக்கா, ஒற்றைக் காலில் தாவிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டான். இன்னும் மூன்று வாரம் போகட்டும் என்றேன். பன்னிரண்டாம் வாரத்தில் வாசலில் சுண்ணாம்புக்கோடு போட்டு இரண்டு காலின் தாவல் தூரத்தையும் அளப்போம். சத்திரசிகிச்சைப் பட்டியலில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது.